கூட்டுப் பொறுப்பு நெசவாளி வீட்டோடு நின்றுவிடக் கூடாது

ஒரு கைத்தறிக் குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெசவாளர் முத்ரா திட்டத்தில் 6 சதவீத வட்டிக்கு வங்கியில் கிடைத்தால், மூன்றாண்டுத் தவணையில் அசலும் வட்டியும் சேர்த்து மாதம் சுமார் 1,520 ரூபாய் கட்ட வேண்டும். முப்பத்தாறாவது மாதம் கடன் தீர்ந்துவிடும். அதே பணத்தை ஊருக்குள் ‘மூணு வட்டி’க்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று வாங்கினால், மாதம் 1,500 ரூபாய் வட்டிக்கே போகும். மூன்றாண்டில் 54,000 ரூபாய் கட்டி முடித்த பிறகும் அசல் ஐம்பதாயிரம் குறையாமல் நிற்கும்.

இரண்டு வீட்டிலும் மாதாமாதம் கையை விட்டுப் போகும் பணம் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு வீட்டிலும் உழைப்பும் ஒன்றே. முதல் வீடு மூன்றாண்டில் கடனை அடைத்து நிமிர்கிறது. இரண்டாவது வீடு தறி ஓட்டி வட்டி கட்டியே ஓய்கிறது. “நெசவாளிக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா?” என்று தயங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நெசவுக் குடும்பங்கள் இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. கட்டுகிற பணம் அவர்களைக் கரையேற்றுகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தறியைச் சுற்றி ஒரு வட்டாரம்

நம் தாராபுரத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் கொங்கு நாட்டின் நெசவு முழுவதும் சுற்றிலும் தெரியும். வடக்கே காங்கயம் தாண்டினால் சென்னிமலைப் போர்வை. இன்னும் மேலே போனால் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளம். வடகிழக்கே வெள்ளகோவில் விசைத்தறிகளும் கரூரின் வீட்டு உபயோகத் துணிகளும். மேற்கே நெகமம் சேலை. வடமேற்கே பல்லடம், சோமனூர் விசைத்தறிகள். அமராவதி பாசனம் எட்டாத மேட்டுக்காடுகளில் மழை பொய்த்த ஆண்டில் பல குடும்பங்களைப் பட்டினியில்லாமல் காப்பாற்றியது தறியும் கறவை மாடும்தான்.

இன்று விடியற்காலையில் பனியன் கம்பெனி வேன்கள் கிராமம் கிராமமாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பூருக்குப் போகின்றன. போகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வாரம் தவறாமல் சம்பளம் வரும் இடத்துக்குத்தான் யாரும் போவார்கள். நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019–20) நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே என்பதையும் அதே கணக்கெடுப்பு பதிவு செய்திருக்கிறது. கைத்திறன் வீட்டுக்குள்ளேயே இருந்தும் வருமானம் வாசலுக்கு வெளியே இருக்கிறது.

சிறு கடன் தறிவீட்டில் என்ன செய்கிறது?

கைத்தறி ஒரு ஆள் தொழில் அன்று. தறிக்குழியில் ஒருவர் கால் வைத்து மிதிக்க, இன்னொருவர் ராட்டையில் தார் சுற்றித் தர வேண்டும். பாவு பிணைக்க, அறுந்த இழையை எடுத்துக் கட்ட, சிட்ட நூலைப் பிரிக்க வீட்டில் இருக்கும் எல்லாக் கைகளும் வேண்டும். ஒரு பாவு ஏற்றினால் அதை நெய்து இறக்கப் பல நாள், சில ரகங்களுக்குப் பல வாரம் ஆகும். துணியைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகே கூலி. இடையில் அரிசிக் கடையும் பள்ளிக் கட்டணமும் காய்ச்சலும் காத்திருப்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் முன்பணம் நுழைகிறது. கூலிக்கு நெய்யக் கொடுக்கும் மாஸ்டர் வீவர் நூலும் தருகிறார், அவசரத்துக்குப் பணமும் தருகிறார். நல்ல மனத்தோடு தருகிறவர்கள் உண்டு. எத்தனையோ கல்யாணங்களும் வைத்தியச் செலவுகளும் அந்தப் பணத்தில் நடந்திருக்கின்றன. ஆனால் முன்பணம் நிற்கும் வரை அந்தத் தறியில் வேறொருவருக்குப் பாவு ஏற்ற முடியாது. கூலி போதாது என்று வாய் திறக்கவும் முடியாது. கடன் கொடுத்தவரும் கூலி கொடுப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது பேரம் பேச எதிரே ஆள் இல்லை.

சிறு கடன் செய்யும் முதல் நன்மை, அந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுவது. முன்பணத்தை வங்கிக் கடனால் தீர்த்த நெசவாளி, அடுத்த பாவை யாருக்கு நெய்வது என்று தானே முடிவெடுக்கலாம். சொந்தமாக நூல் வாங்கினால் கூலியோடு துணியின் லாபத்திலும் பங்கு கிடைக்கும். ஜக்கார்டு பெட்டியைத் தூக்க மோட்டார் வைத்தால் காலும் இடுப்பும் தப்பும். ஐம்பது வயது தாண்டியவரும் தொடர்ந்து நெய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி மாதக்கணக்கில் வேலை நின்றுபோகும் வீட்டில், தரையை உயர்த்திக் கூரை மாற்றினால் அந்த மாதங்களின் வருமானம் திரும்பக் கிடைக்கும். இவை பெரிய முதலீடுகள் இல்லை. சில பத்தாயிரங்களில் முடிகிற காரியங்கள்.

ஆய்வு சொல்வது, அனுபவம் சொல்வது

சிறு கடன் வறுமையை ஒழித்துவிடும் என்று ஒரு காலத்தில் உலகம் நம்பியது. வங்கதேசத்தில் கிராமீன் வங்கியும் அதை நிறுவிய முகமது யூனுசும் 2006-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அந்த நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. பின்னர் ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு மட்டும் முதலில் சிறு கடன் நிறுவனத்தைக் கொண்டுவந்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நீண்ட ஆய்வு செய்தார்கள். 2015-இல் வெளியான அதன் முடிவு நிதானமானது: சராசரிக் குடும்பத்தின் வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை. ஆனால் முன்பே தொழில் வைத்திருந்தவர்கள் அதில் கூடுதலாக முதலீடு செய்தார்கள்.

நம் நெசவுக் குடும்பங்களுக்கு இதில் நல்ல செய்தியும் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன. தறியும் தலைமுறைத் திறனும் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் கடன் வேலை செய்வதற்கான வாய்ப்பு அதிகம். இது நல்ல செய்தி. துணிக்கு விலையும் உழைப்புக்குக் கூலியும் சரியாக இல்லாத இடத்தில் கடன் மட்டும் போய் எதையும் மாற்றாது, இது எச்சரிக்கை.

எச்சரிக்கைக்குச் சான்று தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 2022 மே மாத வாக்கில் ஒரு கண்டி பஞ்சு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டபோது நூல் விலையும் கூடவே ஏறியது. சொந்த நூலில் நெய்யத் துணிந்த சிறு நெசவாளிகளின் மூலதனத்தை அந்த ஒரு பருவமே விழுங்கிவிடக் கூடியதாக இருந்தது. அதே 2022 தொடக்கத்தில் பல்லடம், சோமனூர் விசைத்தறியாளர்கள், ஒப்புக்கொண்ட கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று தறிகளை நிறுத்திப் போராடினார்கள். 2025-லும் கூலிக்காகவே தறிகள் நின்றன. கடன் வாங்கித் தறி போட்டவருக்குத் தவணை தேதி மாறாது. கூலியும் உயராமல் நின்றால், உதவியாக வந்த கடனே அவரை நெருக்கும்.

கூட்டுப் பொறுப்பின் கதை

கடனுக்குக் கூட்டுப் பொறுப்பு என்ற ஏற்பாட்டுக்கும் கோவை மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம்தான், அன்றைய சென்னை மாகாண அரசு உழவர்களின் கடன் சுமைக்கு வழி காணும் பணியை ஒப்படைத்தது. தாராபுரம் அப்போது கோவை மாவட்டத்தின் வட்டம். நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில், ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திய கிராமக் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சங்கங்களில் உறுப்பினர்கள் கடனை மட்டும் பகிர்ந்துகொள்ளவில்லை. சேமிப்பிலும் முடிவிலும் எல்லோருக்கும் பங்கு இருந்தது.

நெசவாளர்களும் அந்த வழியில் நடந்தார்கள். 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. 1941-இல் சென்னிமலையில் தொடங்கிய தொழிலியல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்களின் உழைப்பால் சென்டெக்ஸ் என்ற பெயரில் போர்வைகளை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. கூட்டுறவு நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா நெசவாளி போட, 4 பைசா அரசு போடும் ஏற்பாடு இன்றும் ஒரு நல்ல பாடம். கூலி கொடுக்கிற கையே சேமிப்பையும் சேர்த்து வைக்கிறது. அரசும் அதில் தன் பங்கைப் போடுகிறது.

அடுத்த கட்டம் மகளிர் குழுக்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய முயற்சி, பின்னர் மகளிர் திட்டமாகத் தமிழகம் முழுவதும் பரவியது. நபார்டு 1992-இல் குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. முதலில் சேமித்து, அதை உள்ளுக்குள் சுழற்றி, கணக்கு எழுதிப் பழகி, பிறகு வங்கிக்குப் போனார்கள் நம் பெண்கள். ஈடு இல்லாத ஏழைப் பெண்ணின் சொல்லே ஈடு என்று வங்கி ஏற்றுக்கொண்டது சின்னச் சாதனை அன்று.

அதன் பிறகு சிறு கடன் நிறுவனங்கள் பெருகின. சேமிப்பும் பயிற்சியும் இல்லாமல், பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்ட குழுக்கள் உருவாயின. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வாரக் கூட்டத்தில் ஒரு பெண் வரவில்லை என்றால், மற்றவர்கள் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு அன்றைய தவணையை ஒப்பேற்றுவதும், அடுத்த வாரம் அவள் முகம் கொடுத்துப் பேச முடியாமல் நிற்பதும் நம் ஊர்களில் நடப்பவை. ஒரு நிறுவனத்தின் தவணைக்கு இன்னொரு நிறுவனத்தில் கடன், உறவுக்காரர் ஒருவருக்காகத் தன் பெயரில் கடன் என்று சுமை ஏறுகிறது. ஆந்திரத்தில் இது கைமீறிப்போய், 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

விதிகள் இப்போது இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவதே சிறு கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. தமிழகத்தில் 2003 முதலே கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கும் மசோதா 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடன் வசூலைக் கட்டுப்படுத்தச் சட்டம் போதாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதைத் தறிவீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கும் ஆள் போதாது.

யார் பங்கு எது?

இன்றைய ஏற்பாட்டில் கூட்டுப் பொறுப்பு கடன் வாங்கும் பெண்களோடு முடிந்துவிடுகிறது. கடன் கொடுப்பவர், நூல் விற்பவர், துணி வாங்குபவர், கூலி நிர்ணயிப்பவர், உடுத்துபவர் என அந்தத் தறியால் வாழ்கிற மற்ற எல்லோரும் அதற்கு வெளியே நிற்கிறோம். இது நியாயமில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கை ஏற்க வேண்டும்.

முதல் பங்கு குடும்பத்துக்கும் குழுவுக்கும். தறிக்கு வாங்கிய கடன் தறிக்கே போக வேண்டும். பிறருக்காகத் தன் பெயரில் கடன் வாங்கும் வழக்கத்தைக் குழுவே நிறுத்த வேண்டும். யாருக்கு எங்கே எவ்வளவு கடன் என்பதைக் குழுவுக்குள் மறைக்காமல் பேசினால் பாதி ஆபத்து குறையும்.

வங்கிகளின் பங்கு பெரியது. நெசவாளர் முத்ராவில் 6 சதவீத வட்டியோடு, கடன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை விளிம்புத்தொகை உதவியும் உண்டு. கடன் உத்தரவாதமும் அரசே தருகிறது. இவ்வளவு இருந்தும் “அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலைக் கேட்டு ஒரு நாள் கூலியை இழந்து திரும்பும் நெசவாளி, மூன்றாவது முறை வங்கிக்கு வரமாட்டார்; மூணு வட்டிக்காரர் வீட்டுக்குத்தான் போவார். அலைச்சலும் அவருக்கு ஒரு வட்டிதான். மாதத்தில் ஒரு நாள் வங்கி அலுவலர் நெசவாளர் தெருவுக்கே போய் விண்ணப்பம் வாங்கட்டும். தவணைத் தேதியைப் பாவு இறங்கிக் கூலி வரும் நாளோடு பொருத்தட்டும். மழை மாதங்களில் தவணையைக் குறைத்து, தீபாவளி, பொங்கலை ஒட்டி விற்பனை நடக்கும் மாதங்களில் கூட்டட்டும். தார் சுற்றும் மனைவியையும் நெசவாளியாகக் கணக்கில் எடுக்கட்டும். குடும்ப வருமானத்தில் அவர் உழைப்பும் இருக்கிறது. நெசவாளர் அடையாள அட்டை பல வீடுகளில் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினருக்குக் கூலியைத் தாமதமின்றித் தர வேண்டும். சங்கத்தில் கூலி தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் உறுப்பினரை வெளிவட்டிக்குத் தள்ளும் வாரம். மாஸ்டர் வீவர்களும் ஜவுளி உற்பத்தியாளர்களும் முன்பணத்தையும் பிடித்தத்தையும் நெசவாளி கையில் இருக்கும் நோட்டிலும் எழுதித் தர வேண்டும். ஒப்புக்கொண்ட கூலியைச் சொன்ன தேதியில் தர வேண்டும். நேர்மையான வியாபாரிக்கு இதில் இழப்பு இல்லை. நல்ல கை வேன் ஏறிப் போய்விடாமல் அவரிடமே தங்கும்.

அரசு தன் பங்கில் கொஞ்சம் செய்திருக்கிறது. 2023 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் இன்றும் பல தறிகளுக்கு வேலை தருகிறது. மீதி இருப்பது இரண்டு: அந்தத் திட்டத்தின் நூலும் பணமும் காலத்தில் வந்து சேர வேண்டும், பேசி முடித்த கூலி ஒப்பந்தத்தை மீற முடியாதபடி சட்ட பலம் தர வேண்டும்.

கடைசியாக, துணி வாங்கும் நாம். 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கப் பழகினால், விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பது குறையும். வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கும் துணியில் ஒரு பங்கு சென்னிமலைக்கோ நெகமத்துக்கோ போகட்டும். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, திருமண மண்டபம் நடத்துகிறவர்கள் போர்வையும் துண்டும் மொத்தமாக வாங்கும்போது முதலில் பக்கத்து ஊர்ச் சங்கத்தைக் கேட்கட்டும். கொங்கு நாட்டில் பணம் இருக்கிறது, தொழில் புத்தி இருக்கிறது. வாங்கும் முடிவு ஊருக்குள் திரும்பினால் நெசவாளியின் தவணை தானே கட்டப்படும்.

இந்த ஆகஸ்டில் தொடங்கலாம்

இதற்குப் புதிய அமைப்பு ஏதும் வேண்டாம். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. தாராபுரம், மூலனூர், குண்டடம் ஒன்றியங்களில் தறி இருக்கும் ஒவ்வோர் ஊராட்சியும் அன்று ஒரு பொருளை விவாதத்துக்கு எடுக்கட்டும்: நம் ஊரில் எத்தனை தறி, எத்தனை பேருக்கு முத்ரா கடன் கிடைத்தது, எத்தனை விண்ணப்பம் நிலுவையில் நிற்கிறது, யார் மூணு வட்டிக்கும் அதற்கு மேலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பு அந்தப் பட்டியலைத் தயாரிக்கலாம். வட்டார வங்கியாளர் கூட்டத்தில் அதை முன்வைத்து, அடுத்த கிராம சபை நடக்கும் அக்டோபர் 2-இல் பதில் கேட்கலாம்.

கடன் வாங்கிய பெண்கள் தங்கள் பொறுப்பை இத்தனை ஆண்டுகளாக வாரம் தவறாமல் நிறைவேற்றி வந்திருக்கிறார்கள். வங்கியாளரே, சங்க நிர்வாகியே, வியாபாரியே, வார்டு உறுப்பினரே, துணிக்கடைப் படியேறும் வாசகரே, இனி நம் தவணை. ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போங்கள். இந்தக் கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள்.